உப்பு தின்ற குழாய்

2003 ஆம் ஆண்டு ஷெவர்லே தாஹோவின் புகைக்குழாய் எஞ்சினின் இரு பக்கங்களிலும் தொடங்கி, வண்டியின் நடுவயிற்றில் ஒன்றாகி, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் முடிகிறது. எட்டு சிலிண்டர்களில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. பக்கத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, அதன்கீழ் ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இரண்டும் ‘ஒய்’ வடிவக் குழாயில் கூடுகின்றன. அதற்கப்பால் ஒற்றைக் குழாய், ஒரு சைலன்சர், பின் அச்சின் மேலே ஏறி வளைந்து இறங்கும் வால்குழாய். ஆக்சிஜன் சென்சார்கள் நான்கு: ஒவ்வொரு கன்வெர்ட்டருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் கணக்கில் ஜிஎம்டி800 என்று குறித்த இந்தத் தலைமுறை 2000 முதல் 2006 வரையிலான மாடல்களாக வந்தது. தாஹோ, அதைவிட நீளமான சபர்பன், ஜிஎம்சி யூகான், காடிலாக் எஸ்கலேட் எல்லாம் இந்த ஒரே குடும்பம். தாஹோவில் பெரும்பாலும் இருந்தது 5.3 லிட்டர் வி8 எஞ்சின். பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம், 2003 இல் 285 குதிரைத் திறன். ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டினால் எஞ்சின் எளிதில் சாகாது. அதைச் சுற்றித் தொங்குபவைதான் முதலில் போகும்.

புகைக்குழாய் மாற்றும் வேலை நடந்த வண்டி டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில் நின்றது. மூன்று வரிசை இருக்கை. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் ஆறு மாதமும் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றலாம். பழையதாக வாங்கினால் விலையும் கைக்கு அடக்கம். 2014 வசந்தத்தில் அதற்குப் பதினொரு வயது. அதற்கு முந்தைய குளிர்காலம் டெட்ராய்ட்டின் பதிவேட்டில் மிக அதிகப் பனி விழுந்த பருவம்: 94.9 அங்குலம், அதாவது 240 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 1880-81 இல் இருந்த உச்சம் அத்துடன் முறிந்தது. பனி விழுந்தால் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புக்கு டெட்ராய்ட் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரத்துக்கு அடியிலேயே ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் மூடிக் கிடந்தாலும், 1910 வாக்கில் தொடங்கி அங்கே உப்பு வெட்டப்படுகிறது. கார் செய்த நகரமே காரை அரிக்கும் சரக்கையும் காலடியில் வைத்திருக்கிறது.

உப்பு வெளியிலிருந்து தின்றால், தண்ணீர் உள்ளிருந்து தின்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அது முழுவதும் போய்விடும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று பத்து நிமிட ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சரின் அடியில் தேங்கிவிடும். இந்த வண்டியின் சைலன்சர் மடிப்புத் தையலோரம் ஓட்டையாகி, வால்குழாயின் மேல்வளைவு விரலால் அழுத்தினால் பொரிப்பொரியாக உதிரும் நிலையில் இருந்தது. அசல் குழாய் 409 ரகத் துருப்பிடிக்காத எஃகு. பெயரை நம்பக் கூடாது. அதில் குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மேற்பரப்பு துருப்பிடிக்கும், ஆனால் சாதா எஃகைவிட மெதுவாக.

ஆனால் வேலையைத் தொடங்கி வைத்தது சைலன்சர் அல்ல, ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வலப்பக்கத்தில் டிக், டிக், டிக் என்று கேட்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாகும். சில மைல் போனதும் காணாமல் போகும். இந்த எஞ்சினில் குளிரில் பிஸ்டன் தட்டும் சத்தமும் உண்டு, வால்வு லிஃப்டர் சத்தமும் உண்டு. காதால் மட்டும் பிரிப்பது கடினம். மேனிஃபோல்டுக் கசிவுக்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி இருக்கும்: சேருமிடத்தில் ஒரு கரிக்கோடு. மடக்குக் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தால், எட்டாம் சிலிண்டரின் அருகே அந்தக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே போல்ட்டின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை.

கடைசி போல்ட் உடைவது இந்த வகை எஞ்சின்களை வைத்திருக்கும் பலரும் அறிந்த சங்கதி. அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கூலண்ட் ஏறத்தாழ 90 டிகிரியில் பிடித்து வைத்திருக்கிறது. அதன்மேல் முறுக்கப்பட்ட மேனிஃபோல்டு பாரம் இழுக்கும்போது பல நூறு டிகிரிக்குப் போகிறது. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஹெட் அவ்வளவு நீளாது. நடு போல்ட்டுகளுக்கு இந்த இழுபறி தெரியாது. ஓரத்தில் இருப்பவைதான் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் வெட்டுப்படுகின்றன. ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறியபின், துருவும் சேர்ந்துகொண்டால், தலை தெறித்துவிடும். சூடானபின் டிக் சத்தம் நிற்பதற்கும் இதே விரிவுதான் காரணம். மேனிஃபோல்டு விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

சத்தத்தோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குழாயில் புகை ஆறுபோல் ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணங்கள் உண்டு. அந்தக் கணங்களில் கசிவுவழியாக வெளிக்காற்று உள்ளே போகும். முன் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினியும் நம்பிக் கூடுதலாக ஊற்றும். இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோது இடப்பக்கம் இயல்பாகவும் வலப்பக்கம் 15 சதவீதத்தை ஒட்டிய கூடுதல் ஊற்றலுடனும் இருந்தது. செக் எஞ்சின் விளக்கு இன்னும் எரியவில்லை. புது சைலன்சர் வாங்கும் ஆசையில் கடைக்குப் போகும் பலர் இந்த ஒரு பார்வையைப் பார்க்காமலே போகிறார்கள். மேலே ஓட்டையை வைத்துக்கொண்டு கீழே பளபளக்கும் குழாய் மாட்டுவது கூரை ஒழுகும் வீட்டில் தரைக்கு மார்பிள் போடுவதற்குச் சமம்.

ஆகவே முதல் வேலை உடைந்த போல்ட்டை எடுப்பது. வலது முன்சக்கரத்தையும் அதன் உள்தட்டியையும் கழற்றினால் சக்கரப் பொந்துவழியே கை நேராக மேனிஃபோல்டுக்குப் போகும். கீழே கன்வெர்ட்டரோடு சேரும் மூன்று ஸ்டட்களின் நட்டுகளுக்கு இரண்டு மாலை முன்கூட்டியே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தார்கள். இந்த ஊறவைத்தல் முழு வேலையிலும் மிக மலிவான பகுதி. அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். மேனிஃபோல்டு இறங்கியபின் உடைந்த துண்டு தெரிந்தது: அலுமினியத்தின் மட்டத்துக்குக் கால் மில்லிமீட்டர் உள்வாங்கி, கறுத்துப்போய்.

இதற்கு இரண்டு வழி. நடுவில் துளைபோட்டுப் பிடுங்கியைச் செருகித் திருகலாம். துளை சற்று விலகினாலும் அலுமினிய மரை போய்விடும். பிடுங்கி உள்ளேயே முறிந்தால் அது துளைபோடும் ஊசிக்கு எளிதில் மசியாத கடின எஃகு, பிறகு சொல்ல வேண்டியதில்லை. மற்றது வெல்டிங். பக்கத்து வீட்டில் கார் ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் இருந்ததால் இரண்டாவது வழி எடுக்கப்பட்டது. மிக் வெல்டரின் முனையைத் துண்டின் நடுவில் வைத்து, ஒரு நொடி பற்றவைத்து, நிறுத்தி, மறுபடி ஒரு நொடி. இப்படிச் சொட்டுச் சொட்டாக ஒரு மேடு எழுந்தது. எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பதுதான் இந்த முறைக்கு உயிர். மேடு வெளியே தலைகாட்டியதும் அதன்மேல் ஒரு வாஷர், வாஷரின் மேல் துண்டைவிடச் சற்றுப் பெரிய நட்டு. நட்டின் குழிக்குள் வெல்டு நிரப்பப்பட்டது. சிவப்பு மங்கிக் கறுப்பானதும் ஸ்பேனர். ஒரேயடியாகத் திருகவில்லை. கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் தளர்வு, மறுபடி இறுக்கம். நடுவே ஒரு சொட்டு எண்ணெய். முதல் நட்டு முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒவ்வொரு வெல்டின் சூடும் துருவை இன்னும் கொஞ்சம் உடைக்கிறது, முறிந்தாலும் நட்டம் இல்லை என்பது அவர் கணக்கு. மூன்றாவது நட்டோடு துண்டு கிறீச்சிட்டுக்கொண்டே வெளியே வந்தது.

துளையில் எம்8 மரைவெட்டியைக் கையால் விட்டுச் சுத்தம் செய்து, மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, புது கேஸ்கட், புது போல்ட்டுகள். பக்கத்துக்கு ஆறு. நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறி, முதல் சுற்றில் 15 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 25. இது மிகச் சிறிய முறுக்கு. கைப்பலத்தை நம்பி இறுக்குகிறவர்கள் அடுத்த உடைவுக்கு அப்போதே நாள் குறிக்கிறார்கள்.

இதன்பிறகுதான் கடையில் வாங்கும் பகுதி வந்தது. புகைக்குழாய் மாற்றம் என்றால் எங்கிருந்து மாற்றுவது என்பது முதல் கேள்வி. மேனிஃபோல்டையே எடுத்துவிட்டு நீளமான தனித்தனிக் குழாய்கள் மாட்டினால் திறன் உண்மையாகவே கூடும். ஆனால் பெரும்பாலும் கன்வெர்ட்டரின் இடம் மாற வேண்டிவரும், அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக 1975 மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. வேலை செய்யும் கன்வெர்ட்டரை அகற்றுவது நாடு முழுவதும் குற்றம். மிச்சிகனில் காருக்குப் புகைப் பரிசோதனை கிடையாது என்பதால் பிடிபட மாட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள்; பரிசோதனை இல்லாதது அனுமதி ஆகாது. கலிஃபோர்னியாவில் மாற்றுக் கன்வெர்ட்டருக்கு மாநில வாரியத்தின் ஆணை எண் வேண்டும். இந்த வண்டியில் கன்வெர்ட்டர்கள் இரண்டும் நலமாக இருந்தன, ஆகவே அவை தொடப்படவில்லை. அவற்றுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றும் தொகுப்பு போதும் என்று முடிவானது.

அத்தகைய தொகுப்பால் கூடும் திறன் ஐந்து, பத்து குதிரைக்குள். 2,300 கிலோ எடையுள்ள வண்டியில் அதை யாரும் உணரப்போவதில்லை. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், பெரிய குழாய் போட்டால் இழுவை போய்விடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. எஞ்சினுக்கு அழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. வேண்டியது வேகம். வேகமாக வெளியேறும் ஒரு துடிப்பு தனக்குப் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச் செல்கிறது, அது அடுத்த துடிப்பை இழுக்கிறது. அளவுக்கு மீறி அகலமான குழாயில் இந்த வேகம் குறையும். நம்பிக்கை பிறந்தது இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால். 5.3 லிட்டருக்கு ஒற்றை 3 அங்குலக் குழாய் தாராளம்.

உலோகத்தில் மூன்று படிகள். அலுமினியம் பூசிய எஃகு மலிவு. வெட்டு விழுந்த இடத்திலும் வெல்டு ஓரத்திலும் பூச்சுப் போய் உப்புக்கு வழிவிடும். 409 நடுத்தரம். 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். விலை அதிகம், ஆனால் உப்புச் சாலையில் வண்டியைவிட நீண்ட நாள் வாழும். டெக்சாஸில் ஓடும் வண்டிக்கு 304 ஆடம்பரம், மிச்சிகனில் அது கணக்கு. 304 தான் வாங்கப்பட்டது.

சைலன்சர் பழைய சரக்கு. இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 இலேயே எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று கடையில் கிடைப்பவை அடிப்படையில் இரண்டு இனம். ஒன்றில் உள்ளே தடுப்புச் சுவர்களும் அறைகளும் இருக்கும். ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கும். மற்றதில் துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருக்கும். நார் உயர்ந்த சுருதிகளை உறிஞ்சும், புகை தடையின்றிப் போகும். இரண்டாவது இனம் ஓட்டத்துக்கு நல்லது. தாழ்ந்த சுருதிகளுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வாங்கிய தொகுப்பில் இருந்தது அந்த இனம்.

பழைய குழாயை முழுதாக வெளியே எடுக்க முடியாது. வால்குழாய் பின் அச்சுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே வளைந்து கிடக்கிறது. அச்சைத் தொங்கவிட்டுச் சுழற்றி எடுக்கலாம். துருப்பிடித்த குழாய்க்கு அத்தனை மரியாதை தேவையில்லை, மின்வாளால் இரண்டாக அறுத்துப் போட்டார்கள். ஹேங்கர் கம்பிகளிலிருந்து ரப்பர்களைக் கழற்றத்தான் நேரம் பிடித்தது. சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால் வரும். வண்டி சமதரையில், நான்கு ஸ்டாண்டுகளின் மேல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போனவர்களின் கதை எல்லாப் பட்டறைகளிலும் உண்டு.

மாட்டும்போது எல்லா இணைப்புகளையும் தளர்வாகவே கோத்து, முழு நீளமும் தொங்கியபின் முன்னாலிருந்து பின்னாக இறுக்க வேண்டும். இரும்பு ‘யூ’ கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிக்கும், பிறகு பிரிக்க முடியாது. அகலப் பட்டைக் கிளாம்ப் சுற்றிலும் சமமாக அணைக்கும். இடப்பக்கம் பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாய்களும், பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயரும், வலது ஷாக் அப்சார்பரும் ஒவ்வொன்றும் விரலளவு இடைவெளியாவது கேட்கும். நின்ற நிலையில் இருக்கும் இடைவெளி போதாது: 3 மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 250 டிகிரி சூடேறினால் 1 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அசையாமல் கட்டாமல் ரப்பரில் தொங்கவிடுவது இதற்காகத்தான். கடைசியில், தூசு உறிஞ்சியின் ஊதும் பக்கத்தை வால்குழாயில் செருகி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். குமிழி எங்கும் இல்லை.

சத்தம் நன்றாக இருந்தது என்பதில் ஐயமில்லை. இந்த எஞ்சின் 1-8-7-2-6-5-4-3 என்ற வரிசையில் வெடிக்கிறது. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். வரிசையில் 2, 6 இரண்டும் அடுத்தடுத்து வலப்பக்கத்தில் வருகின்றன, 3, 1 இரண்டும் இடப்பக்கத்தில். இந்த ஒழுங்கின்மைதான் அமெரிக்க வி8 இன் குமுறல். சிக்னலில் நின்று புறப்படும்போது அது மார்பில் கேட்டது.

நெடுஞ்சாலையில் கதை வேறு. 3.73 விகித அச்சு, ஓவர்டிரைவ் கியர், மணிக்கு 65 மைல் வேகம்: எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,850 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. ஆகவே நொடிக்கு 123 துடிப்பு. நேர்க்குழாய் சைலன்சரால் தடுக்க முடியாத தாழ்ந்த சுருதி சரியாக அது. பிக்கப் வண்டியாக இருந்தால் பின்னால் திறந்த தொட்டி, ஒலி காற்றோடு போகும். எஸ்.யூ.வி.யில் பின்கதவு வரை ஒரே அறை, வால்குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே மூன்றாம் வரிசை. ஊரிலிருந்து வந்திருந்த, உரிமையாளரின் தாயார் சிகாகோ போகும் வழியில் சொன்னது சுருக்கமானது: “ஏய்யா, இந்தச் சத்தத்துல தலை கிண்ணுன்னு இருக்குல்லா.” அவர் சொன்னதுதான் சரியான அளவீடு. உரத்த சத்தமல்ல, அழுத்தமாகக் காதை அடைக்கும் ஒரே சுருதி. 60 மைலில் இல்லை, 72 மைலில் இல்லை, எல்லாரும் ஓட்டும் வேகத்தில் மட்டும் உண்டு.

அதற்கு மருந்து சைலன்சரை மாற்றுவது மட்டுமல்ல. முக்கியக் குழாயில் ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்து அதன் மறுமுனையை மூடிவிடலாம். கிளைக்குள் போகும் அலை மூடிய முனையில் மோதித் திரும்பிவரும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், திரும்பிவரும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து அந்தச் சுருதியை மட்டும் அழிக்கும். 200 டிகிரிச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 436 மீட்டர். அதை 123 ஆல் வகுத்தால் அலைநீளம் 3.5 மீட்டர், கால்பங்கு 89 சென்டிமீட்டர். சூடு துல்லியமாகத் தெரியாததால் கிளைக்குழாய் சற்று நீளமாக வெட்டப்பட்டு, முனையில் நகர்த்தக்கூடிய மூடியோடு ஓட்டிப் பார்க்கப்பட்டது. மூடி சரியான இடத்துக்கு வந்ததும் அதே வெல்டர் அதைப் பற்றவைத்தார். உடற்சட்டத்துக்கு இணையாக, முக்கியக் குழாயை ஒட்டி மடங்கிப் படுத்திருக்கும் அந்தக் குழாயில் புகை எதுவும் ஓடுவதில்லை. குமுறல் அப்படியே இருந்தது, 65 மைல் சுருதி போயிற்று. சந்தையில் விற்கும் பெயர்பெற்ற தொகுப்புகள் எதையும்விட இந்த மூடிய குழாய்த்துண்டு அதிகப் பயன் தந்தது என்று சொல்லலாம்.

சில நாள் ஓடியபின் எல்லாக் கிளாம்புகளும் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கப்பட்டன. ஸ்கேனரில் வலப்பக்க ஊற்றல் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு இறங்கி இடப்பக்கத்தோடு சேர்ந்துகொண்டது. மைலேஜில் தெரிந்த சிறு முன்னேற்றத்துக்குக் காரணம் அதுதான், புதுக் குழாய் அல்ல.

பின்னாளில் ஒரு சேர்க்கை மட்டும் நடந்தது. 2021 இல் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரோடியத்தின் விலை ஓர் அவுன்ஸுக்கு 25,000 டாலரைத் தாண்டியபோது, கன்வெர்ட்டர் திருட்டு நாடெங்கும் பெருகியது. உயரமான வண்டிகளில் ஜாக்கி வைக்காமலே அடியில் நுழையலாம் என்பதால் அவைதான் முதல் இலக்கு. தாஹோவின் இரண்டு கன்வெர்ட்டர்களுக்கும் கீழே ஒரு கனத்த அலுமினியத் தகடு, காற்றுத் துளைகளோடு, ரிவெட்டுகளால் பொருத்தப்பட்டது. என்றாவது கன்வெர்ட்டரை உரிமையாளரே மாற்ற நேர்ந்தால், அந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.